தாமதமாகும் விமானமும் பயணியின் உரிமையும்

பினாங்கு மக்கள் ஒரு காலத்தில் கப்பலேறித்தான் நாகப்பட்டினத்திற்கும் சென்னைக்கும் சென்று வந்தார்கள். பயணம் பல நாள் நீடிக்கும். இன்று பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குச் சில மணி நேரத்தில் போய்விடலாம். 2024 டிசம்பர் முதல் நேரடி விமானச் சேவையும் உண்டு. பயணம் எளிதாகிவிட்டது. ஆனால், விமானம் புறப்படத் தாமதமானால், பெட்டி வந்து சேராவிட்டால், பயணி யாரிடம் என்ன கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இணையத்தில் பயணச்சீட்டு வாங்கும்போது நாம் விலையையும் நேரத்தையும் பார்க்கிறோம். ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்னும் கட்டத்தில் படிக்காமலேயே குறியிடுகிறோம். அந்தக் குறியோடு ஓர் ஒப்பந்தம் பிறந்துவிடுகிறது. காய்கறிச் சந்தையில் பேரம் பேசலாம். இந்த ஒப்பந்தத்தில் ஒரு சொல்லைக்கூடப் பயணியால் மாற்ற இயலாது. எழுதியவர் ஒருவர், ஏற்பவர் இன்னொருவர். இத்தகைய ஒப்பந்தம் ஒருபக்கமாகச் சாயாமலிருக்கச் சட்டம் குறுக்கிட வேண்டியுள்ளது. வான் போக்குவரத்து கூட்டரசின் பொறுப்பில் உள்ள துறை. ஆகவே, பினாங்கில் விமானம் ஏறுபவருக்கும் கூச்சிங்கில் ஏறுபவருக்கும் சட்டம் ஒன்றே.

எனினும், வெளிநாட்டுப் பயணத்திற்கு ஒரு நாட்டின் சட்டம் மட்டும் போதாது. பினாங்கில் ஏறிச் சென்னையில் இறங்குபவருக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? இக்குழப்பத்தைத் தீர்க்க 1929ஆம் ஆண்டிலேயே வார்சா நகரில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அப்போது விமானத் தொழில் குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஒரே ஒரு விபத்து ஒரு நிறுவனத்தையே மூடிவிடக்கூடும் என்னும் அச்சம் நிலவியது. எனவே, ஓர் உயிரிழப்புக்கு நிறுவனம் கொடுக்க வேண்டிய இழப்பீட்டிற்கு மிகக் குறைந்த உச்சவரம்பு வைத்தார்கள். தொழில் வளர்ந்து பெரிதான பிறகும் அந்தப் பாதுகாப்பு பல்லாண்டு நீடித்தது வியப்புக்குரியதுதான்.

1999ஆம் ஆண்டு உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கை இந்நிலையை மாற்றியது. மலேசியாவில் இது 2008ஆம் ஆண்டும் இந்தியாவில் 2009ஆம் ஆண்டும் நடைமுறைக்கு வந்தது. இதன்படி, அனைத்துலகப் பயணத்தில் விபத்தால் உயிரிழப்போ உடற்காயமோ ஏற்பட்டால், மெய்ப்பிக்கப்பட்ட இழப்பில் ஒரு குறிப்பிட்ட தொகைவரை ‘எங்கள் மீது தவறில்லை’ என்று நிறுவனம் வாதிட முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் அத்தொகை 151,880 சிறப்பு எடுப்புரிமை ஆகும். சிறப்பு எடுப்புரிமை என்பது ஐந்து நாணயங்களின் மதிப்பைக் கொண்டு அனைத்துலகப் பண நிதியம் கணக்கிடும் ஓர் அலகு. ரிங்கிட்டில் சொன்னால் எட்டு இலட்சத்துக்கும் மேல் வரும்.

இந்த உடன்படிக்கையில் ‘விபத்து’ என்னும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை மலேசியர்கள் துயரத்தோடு அறிந்தார்கள். 2014 மார்ச் 8ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்கிற்குப் புறப்பட்ட எம்.எச்.370 விமானம் 239 பேருடன் காணாமற்போனது. விமானம் எங்கே என்று தெரியவில்லை. என்ன நடந்தது என்றும் தெரியவில்லை. அப்படியானால், சட்டத்தின் கண்ணில் அது என்ன? 2015 ஜனவரி 29ஆம் நாள் மலேசிய அரசு அதனை ஒரு விபத்து என்று முறைப்படி அறிவித்தது. இழப்பீட்டிற்கு வழி திறக்க அந்த அறிவிப்பு தேவைப்பட்டது. உறவினர் பலரோ, தேடல் முடியும் முன்னரே தம் அன்புக்குரியவர்கள் இறந்துவிட்டதாகச் சொல்வதா என்று கொதித்தனர். இரு தரப்பின் நிலையும் புரிந்துகொள்ளக்கூடியதே. இன்னொரு நெருக்கடியும் இருந்தது. உடன்படிக்கையின்படி இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதனால், 2016 மார்ச் மாதம் நெருங்க நெருங்க, பதில் ஏதும் கிடைக்காத நிலையிலேயே பல குடும்பங்கள் நீதிமன்றத்தை நாடின.

இத்தகைய பேரிழப்பு அரிது. அன்றாடம் நிகழ்வது தாமதமும் இரத்தும். அவற்றுக்காக மலேசியாவில் தனி விதிகள் வந்தது அண்மையில்தான். மவ்காம் எனப்படும் மலேசிய வான் போக்குவரத்து ஆணையம் 2016 மார்ச் மாதம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வான் போக்குவரத்துப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. விமானம் இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால் பயணிக்கு உணவு, தொலைபேசி அழைப்பு, இணைய வசதி ஆகியவற்றை நிறுவனம் தர வேண்டும். ஐந்து மணி நேரத்தை எட்டி, இரவு தங்க நேர்ந்தால், தங்கும் விடுதியும் அங்கு சென்றுவரப் போக்குவரத்தும் தர வேண்டும். விளம்பரத்தில் வரியையும் கட்டணத்தையும் மறைத்து மலிவு விலை காட்டக்கூடாது. பயணி கேட்காத கூடுதல் சேவையைத் தானாகவே விலைப்பட்டியலில் சேர்க்கவும் கூடாது.

2024 செப்டம்பர் 2 முதல் இவ்விதிமுறை மேலும் வலுப்பெற்றது. ஐந்து மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். பணம் செலுத்திய அதே வழியில் 30 நாள்களுக்குள் அது வந்து சேர வேண்டும். இது சிறிய மாற்றம் அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் பறக்க முடியாமற்போன பலருக்குப் பணத்துக்குப் பதிலாகப் பயண வரவுதான் கிடைத்தது. வேலை இழந்திருந்த குடும்பத்திற்குப் பயண வரவால் அரிசி வாங்க முடியுமா?

ஆயினும், நம் விதிமுறை பாதி வழிதான் வந்திருக்கிறது எனலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ள காரணத்தால் நீண்ட தாமதம் ஏற்பட்டால், தொலைவைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை ரொக்க இழப்பீடு உண்டு. நம் விதிமுறை உணவும் விடுதியும் தருகிறது. இழந்த நேரத்திற்கென்று நிர்ணயித்த தொகை எதையும் தரவில்லை. சென்னையில் நடக்கும் திருமணத்தின் முகூர்த்தத்தைத் தவறவிட்டவருக்கு ஓர் உணவுப் பொட்டலம் எந்த அளவுக்கு ஈடாகும்? மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் தாமதத்தால் ஏற்பட்ட இழப்பைக் கோரலாம். ஆனால், இழப்பைப் பயணி மெய்ப்பிக்க வேண்டும். தாமதத்தைத் தவிர்க்க நியாயமான எல்லா முயற்சியும் செய்ததாக நிறுவனம் காட்டிவிட்டால் கோரிக்கை நிற்காது.

பெட்டி தொடர்பான விதிகளில் நாள் கணக்கு முக்கியம். அனைத்துலகப் பயணத்தில் ஒப்படைத்த பெட்டி சேதமடைந்திருந்தால், அதைப் பெற்ற 7 நாள்களுக்குள் எழுத்து வழி புகார் தர வேண்டும். தாமதமாக வந்திருந்தால், அது கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாள். இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்புரிமை. அதாவது ஏறக்குறைய 8,000 முதல் 9,000 ரிங்கிட். பெட்டிக்குள் தாலிக்கொடியே இருந்தாலும் பொதுவாக வரம்பு அதுதான். பெட்டியை ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பைச் சிறப்பாக அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் செலுத்தியிருந்தால் அதற்கு மேல் கோர முடியும்.

புகாரை முதலில் விமான நிறுவனத்திடம் செய்ய வேண்டும். தீர்வு காண அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. தீர்வு கிடைக்காவிட்டால் ஆணையத்தை அணுகலாம். 2025 ஆகஸ்டு 1ஆம் நாள் மவ்காம் கலைக்கப்பட்டு, அதன் பணிகள் மலேசியப் பொது வான் போக்குவரத்து ஆணையத்துடன் இணைக்கப்பட்டன. எனவே, பழைய துண்டறிக்கைகளில் மவ்காம் என்றிருந்தாலும், இன்று புகார் செல்ல வேண்டிய இடம் பொது வான் போக்குவரத்து ஆணையமே. பயணச்சீட்டு, இருக்கை அட்டை, பெட்டியில் ஒட்டிய பட்டையின் துண்டு, தாமத அறிவிப்பின் படம் ஆகியவற்றைப் பயணம் முடிந்ததும் எறிந்துவிடாமல் வைத்திருந்தால், அவையே புகாருக்குச் சான்றாகும்.