வெள்ளை வாத்து எல்லாம் ஒரே வாத்தா?

பத்தாம் வகுப்பில் ‘இனக்கலப்பு மற்றும் உயிர்த்தொழில்நுட்பவியல்’ பாடத்தை முடிக்கும்போது, கலப்பு என்றாலே லாபம் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் தங்கிவிடுகிறது. கலந்தபின் பெற்றோர் இனம் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்பதில்லை; நானும் பல ஆண்டுகள் சொன்னதில்லை. இப்போது கலப்பின வீரியம் நடத்தியதும், இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி வாத்துக்கென ஒரு பாடவேளை ஒதுக்குகிறேன்.

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் எய்ல்ஸ்பரி. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஏழைக் குடும்பங்கள் தாங்கள் குடியிருந்த வீட்டுக்குள்ளேயே வாத்துக் குஞ்சுகளை வளர்த்தன. விவசாயிகளிடம் முட்டை வாங்கி, அடைக்கோழிக்கு வைப்பார்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள்; வாத்து முட்டைக்கு 28 நாள். பாவம், கோழி கூடுதலாக ஒரு வாரம் உட்கார வேண்டும்! அந்தக் கடைசி வாரத்தில் முட்டைகள்மீது தினமும் வெதுவெதுப்பான நீர் தெளித்தார்கள். ஏன் என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். தாய் வாத்து ஈரச் சிறகோடு வந்து அமரும், கோழி அப்படி வராது என்பதைக் கிராமத்துப் பிள்ளைகள் தாமாகவே சொல்லிவிடுவார்கள். பொரித்த குஞ்சுகளுக்கு அவித்த முட்டையும் சோறும் கொடுத்து, சுமார் எட்டு வாரத்தில் விற்றுவிடுவார்கள்.

1870-களில் சீனாவிலிருந்து பெகின் வாத்து வந்தது. அதுவும் வெள்ளைதான். வளர்க்க எளிது, முட்டையும் அதிகம். இரண்டையும் கலந்தார்கள், லாபம் கிடைத்தது. கடைகளில் எய்ல்ஸ்பரி என்ற பெயர் நீடித்தது, தூய எய்ல்ஸ்பரி வாத்தோ அரிதாகிவிட்டது. கரும்பலகையில் இரண்டையும் வரைந்து காட்டுங்கள். எய்ல்ஸ்பரியின் அலகு இளஞ்சிவப்பு, உடல் தரைக்கு இணையாகக் கிடைமட்டம். பெகினுக்கு அலகு ஆரஞ்சு, உடல் நிமிர்ந்திருக்கும். புறத்தோற்றமும் ஜீனாக்கமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

இன்று இந்த இனத்தை வீட்டில் காப்பவர்கள் படும் பாடும் பாடமாகிறது. வேற்றின ஆண் வாத்தைப் பிரித்த உடனேயே கிடைக்கும் முட்டைகளை அடைக்கு வைக்க முடியாது. பெட்டையின் உடலில் விந்தணுக்கள் பல நாள் உயிரோடு தங்கியிருக்கும். சில வாரம் பொறுக்க வேண்டும். சரி, தூய்மை என்று சொந்தங்களுக்குள்ளேயே சேர்த்தால் உட்கலப்புத் தளர்வு, முட்டைகள் கூமுட்டையாகும். எனவே தொடர்பில்லாத வேறொரு கூட்டத்திலிருந்து அதே இனத்து ஆண் வாத்தைத் தேடிக் கொண்டுவர வேண்டும். கண்காட்சிக்காக நெஞ்சடி தொங்கும்படி பெருக்கவைத்த வாத்துகளோ இணைசேரவே சிரமப்படுகின்றன. மனிதன் தேர்ந்தெடுத்தால் எல்லாம் நன்மை என்று நினைத்திருந்த பிள்ளைகள் இங்கே சற்று அமைதியாகிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு இந்த வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், எங்க வீட்டுல இருக்குறது நாட்டுக்கோழியா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்றாள். பதில் சொல்லாமல், வீட்டில் பாட்டியிடம் மூன்று கேள்விகள் கேட்டுவரச் சொன்னேன்: உங்கள் கோழி அடைகாக்கிறதா? சேவல் எங்கிருந்து வந்தது? முன்பு இருந்து இப்போது காணாத கோழி எது? மறுநாள் நோட்டில் மூன்றாம் கேள்விக்குத்தான் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தாள்.