ஒரே ரத்தம், இரண்டு லேப், இரண்டு எண்

நம்பிக்கை: ஒரே ரத்தத்துக்கு இரண்டு லேபில் இரண்டு அளவு வந்தால், ஏதோ ஒரு லேப் தப்பு பண்ணியிருக்கிறது.

உண்மை: ரத்தச் சர்க்கரையில் பெரிய வித்தியாசம் வந்தால் இந்தச் சந்தேகம் நியாயம். ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் பரிசோதனைகளில் அப்படி முடிவுகட்ட முடியாது. தைராய்டுக்காக எழுதித் தரும் ஆன்டி டிபிஓ பரிசோதனையையே பாருங்கள். தைராய்டு சுரப்பியில் உள்ள ஒரு நொதிக்கு எதிராக உடல் தானே உண்டாக்கும் ஆன்டிபாடியை அது அளக்கிறது. ரோஷ் கருவியில் 34 வரை நார்மல். பெக்மேன் கருவியில் 9-ஐத் தாண்டினாலே அதிகம். அபாட் கருவியில் வரம்பு 6-ஐக்கூடத் தொடாது. மூன்றிலும் அலகு ஒன்றேதான். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. ரிப்போர்ட்டில் 20 என்று இருந்தால், எந்தக் கருவி என்று தெரியாமல் அது அதிகமா இல்லையா என்று சொல்லவே முடியாது.

சர்க்கரை ஒரே மூலக்கூறு. யார் ரத்தத்தில் இருந்தாலும் அதேதான். ஆன்டிபாடி ஒரு கலவை. நொதியின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் பல வகைகள் அதில் உண்டு; சில இறுகப் பிடிக்கும், சில லேசாக. இந்தக் கலவை ஆளுக்கு ஆள் மாறும். பரிசோதனைக்கான ரசாயனத் தொகுப்பான கிட்டில் வைக்கும் நொதியும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 66/387 என்ற எண் கொண்ட பிரிட்டன் ஒப்பீட்டுச் சீரத்தை வைத்துப் பல கிட்டுகள் அளவு குறிக்கின்றன. ஆனால் அந்தச் சீரத்தின் கலவை வேறு, உங்கள் ரத்தத்தின் கலவை வேறு. அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணாகக் கணக்குப் போட்டு மாற்றவும் வழியில்லை.

நம்பிக்கை: டிபிஓ அளவு போன தடவை 300, இந்தத் தடவை 120. மருந்து வேலை செய்கிறது.

உண்மை: இடையில் லேப் மாறியிருந்தால் இந்த இறக்கத்துக்கு அர்த்தமே இல்லை. அதே லேபாக இருந்தாலும், தைராக்சின் மாத்திரையின் அளவை தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்ஹெச்சைப் பார்த்துத்தான் டாக்டர் கூட்டுவார், குறைப்பார். டிபிஓ ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் அதைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. ஒவ்வொரு பேக்கேஜிலும் இதைச் சேர்த்துக் காசு வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. காசு போவது ஒரு பக்கம். எண் ஏறியதைப் பார்த்து ராத்திரி தூங்காமல் கிடப்பவர்களின் வேதனைக்கு யார் பொறுப்பு?

நம்பிக்கை: ஏஎன்ஏ அங்கே 1:80, இங்கே 1:160. நோய் இரண்டு மடங்காகிவிட்டது.

உண்மை: ஏஎன்ஏ, செல்லின் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடுவது. லூபஸ் போன்ற நோய்களுக்கான இந்தப் பரிசோதனையில் சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போவார்கள். இருட்டு அறையில் ஃப்ளோரசன்ட் மைக்ராஸ்கோப்பில், செல்களின் உட்கரு பச்சையாக ஒளிர்கிறதா என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்வார். எந்தப் படியில் ஒளி மங்கி மறைகிறது என்பதில் இரண்டு பேர் ஒரு படி மாறிச் சொல்வது சகஜம். 1997-இல் 15 லேப்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர்களிலேயே 1:80 அளவில் 13 சதவீதம் பேர் பாசிட்டிவ். மூட்டுவலி, தோல் தடிப்பு, சிறுநீரில் புரதம் எதுவும் இல்லாதவருக்கு இந்த எண் மட்டும் நோய் ஆகிவிடாது.

நம்பிக்கை: லேப்களை அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் சான்று பெற்ற லேப்களில் ஒரே எண்தான் வரும்.

உண்மை: தான் கையாளும் முறையை லேப் ஒழுங்காகச் செய்கிறது என்பதற்குத்தான் அந்தச் சான்று. வேலூர் சிஎம்சி நடத்துவது போன்ற வெளித் தரச் சோதனைகளில் ஒரே மாதிரியைப் பல லேப்களுக்கு அனுப்பிச் சோதிப்பார்கள். அங்கேயும் ஒரு லேபின் விடையை அதே முறையைப் பின்பற்றும் லேப்களின் விடையோடு ஒப்பிடுவதுதான் வழக்கம். எந்த முறை, எந்தக் கருவி என்பதை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அச்சிட வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

நம்பிக்கை: முடி வளர்வதற்கான மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சம்பந்தமில்லை.

உண்மை: அந்த மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம். பயோட்டினையே ஒட்டுப்பொருளாகக் கொண்ட கிட்டுகளில் அது குறுக்கிட்டு, டிஎஸ்ஹெச்சைப் பொய்யாகக் குறைத்தும், சில டிபிஓ கிட்டுகளில் அளவைப் பொய்யாக ஏற்றியும் காட்டும். 2017-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரித்தது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். அதிக டோஸ் என்றால் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள்.