பிராந்திய வளர்ச்சிக்கு எந்த அமைச்சகம்?



பின்தங்கிய பகுதிகளை முன்னேற்றவென்றே தனி அமைச்சகம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. செக் குடியரசில் 1996 முதல் அப்படி ஒன்று இயங்குகிறது. இலங்கையில் 2016இல் பிரதேச அபிவிருத்தி அமைச்சு சரத் பொன்சேகாவிடம் ஒப்படைக்கப்பட்டது. இந்தியாவில் நாடு முழுவதற்குமான பிராந்திய வளர்ச்சி அமைச்சகம் என்று எதுவும் இல்லை. ஒரு பிராந்தியத்துக்கென்றே இருப்பது வடகிழக்குப் பிராந்திய வளர்ச்சி அமைச்சகம் மட்டும். 2001இல் துறையாகத் தொடங்கிய அது 2004இல் அமைச்சகமானது. மற்ற பகுதிகளில் அந்த வேலை பல அமைச்சகங்களுக்கும் மாநில அரசுக்கும் இடையே சிதறிக் கிடக்கிறது.

அதற்குக் காரணம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை. ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் பெரிய துறைமுகங்களும் மத்திய அரசின் பட்டியலில் வருகின்றன. நிலமும் தண்ணீரும் மாநிலப் பட்டியலில். பொருளாதாரத் திட்டமிடல் இருவருக்கும் பொது. தொழிற்சாலை எழுப்ப இவை எல்லாமே வேண்டும். ஒரே அமைச்சகம் அத்தனையையும் கையில் வைத்திருக்க முடியாது.

ஆரம்பாக்கத்தில் இது கண்கூடு. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் அது. ரயிலில் அடுத்த நிறுத்தமான தடா ஆந்திரத்தில். சாலை ஒரு மத்திய அமைச்சகத்தின் பொறுப்பு, தண்டவாளம் இன்னொன்றின் பொறுப்பு. தெற்கே கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் மனை ஒதுக்குவது மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட். தேர்வாய்கண்டிகையில் சிப்காட் நிலம் எடுத்தபோது மேய்ச்சல் நிலம் போகிறதென்று கிராமத்தார் போராடியதும் மாநில அரசை எதிர்த்துத்தான். எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டி என்ற தொழில் நகரம். அங்குள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதி தந்தது மத்திய வர்த்தக அமைச்சகம். ஸ்ரீசிட்டி எழுந்த சத்தியவேடு பகுதியே 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தபோது அது அந்தப் பக்கம் போனது.

இந்த எல்லையில் நிதி அமைச்சகமும் ஒரு கோடு கிழித்தது. மாநிலப் பிரிவினைக்குப் பின் ஆந்திரத்தின் ராயலசீமா, வட கடலோர மாவட்டங்கள் ஏழும் வருமான வரிச் சட்டத்தின் 32ஏடி பிரிவின்கீழ்ப் பின்தங்கியவை என அறிவிக்கப்பட்டன. ஸ்ரீசிட்டி அப்போதிருந்த சித்தூர் மாவட்டமும் அதில் சேர்ந்தது. 2015 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை அங்கே ஆலை தொடங்கி 10 கோடி ரூபாய்க்குப் புது இயந்திரம் வாங்கிய நிறுவனம், அதில் 15 சதவீதத்தை, அதாவது 1.5 கோடியை, வரிக்குரிய வருமானத்திலிருந்து கூடுதலாகக் கழித்துக்கொள்ள முடிந்தது. அதே இயந்திரத்தைக் கும்மிடிப்பூண்டியில் நிறுவியிருந்தால் இந்தக் கழிவு கிடைத்திருக்காது. சித்தூரின் மேற்கே மதனப்பள்ளிப் பக்கம் வறண்ட பூமி. சலுகை தேவைப்பட்டது அதற்கு. சென்னைத் துறைமுகங்களை ஒட்டிய கிழக்கு மூலைக்கு ஆலைகள் சலுகை இல்லாமலும் வந்திருக்கும். மாவட்டத்தை அலகாக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

இது புதிய பாடமும் அல்ல. தேசிய வளர்ச்சிக் குழு 1968இல் அமைத்த பாண்டே, வாஞ்சூ குழுக்களின் அறிக்கைகளையொட்டி, 1970களின் தொடக்கத்தில் பின்தங்கிய மாவட்டங்களின் தொழில்களுக்கு மத்திய முதலீட்டு மானியம் வந்தது. முதலில் 10 சதவீதம், பிறகு 15. பின்தங்கிய பகுதிகள் பற்றி ஆராய 1978இல் அமைந்த சிவராமன் குழு, அந்த மானியத்தின் பெரும்பங்கு வளர்ந்த தொழில் நகரங்களை ஒட்டிய சில மாவட்டங்களுக்கே போனதைக் கண்டது. மாவட்டத்தை விட்டு ஊராட்சி ஒன்றியத்தை அலகாகக் கொள்ளும்படியும் சொன்னது. மானியம் 1988இல் நின்றது. ஒன்றியத்தை அலகாகக் கொண்ட தேசியத் திட்டம் வந்ததோ 2023இல், 500 ஒன்றியங்களுக்கு. திட்டக்குழுவுக்குப் பதிலாக 2015இல் வந்த நிதி ஆயோக் அதை நடத்துகிறது. அதற்கு முன் 2018இல் அது முன்னேற்றத்துக்காக எடுத்துக்கொண்ட 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் இருந்தன, ஆரம்பாக்கம் அடங்கிய திருவள்ளூர் இல்லை.

அமைச்சகங்களை ஒன்றாக இழுத்துக் கட்டும் அண்மை முயற்சி தொழில் வழித்தடங்கள். சென்னை–பெங்களூரு வழித்தடத்தில் கிருஷ்ணபட்டினம், பொன்னேரி, தும்கூர் மூன்றும் தொழில் முனைகளாகக் குறிக்கப்பட்டன. மாநிலம் நிலத்தைத் தன் பங்காக வைக்கும். மத்திய அரசு பணம் போடும். இருவரும் சேர்ந்த கம்பெனி சாலை, மின்சாரம், கழிவுநீர் வசதிகளைச் செய்யும். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவைக் குழு கிருஷ்ணபட்டினத்துக்கும் தும்கூருக்கும் ஒப்புதல் தந்தது. தமிழ்நாட்டின் பொன்னேரி அதில் இடம்பெறவில்லை. நிலம் தயாராகாத இடத்துக்கு டெல்லிப் பணம் வராது.

ஆரம்பாக்கத்திலிருந்து ஸ்ரீசிட்டிக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கு இந்த அதிகாரப் பிரிவினை சம்பளச் சீட்டிலேயே தெரியும். பி.எஃப். மத்திய அரசுடையது, எல்லை தாண்டினாலும் யு.ஏ.என். என்ற பொதுக் கணக்கு எண் மாறாது. குறைந்தபட்சக் கூலியை அங்கே நிர்ணயிப்பது ஆந்திர அரசு, கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு அரசு. ஆலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூராருக்கே என்று ஆந்திரம் 2019இல் சட்டம் இயற்றியது. எல்லையின் இந்தப் பக்கத்துக்காரர் உள்ளூரார் ஆகமாட்டார். இதே போன்ற ஹரியாணா சட்டத்தை 2023 நவம்பரில் ரத்து செய்தது பஞ்சாப்–ஹரியாணா உயர் நீதிமன்றம். எந்த மத்திய அமைச்சகமும் அல்ல.