கடைக் கணினியில் வழிமறிப்பவர் யார்?

தெலுக் பங்லிமா காராங்கில் மளிகை வியாபாரம் செய்துவரும் நாம் கணினி சாஸ்திரம் கற்றவரல்லோம். ஓதியது மதரசாவில், படித்தது ஆரம்பப் பள்ளி மட்டும். ஆயினும் சில மாதங்களுக்கு முன் நமது கடைக் கணினிக்கு நேர்ந்த ஒரு சங்கடம், வணிகச் சகோதரர்கள் அவசியம் அறிய வேண்டிய விஷயமொன்றை நமக்குக் கற்றுத் தந்தபடியால், அதை இங்கே எழுதலானோம்.

கடைப் பையன் படம் பார்ப்பதற்கென்று இலவச மென்பொருள் ஒன்றைக் கணினியில் ஏற்றிவிட்டான். அன்று முதல், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சம்பந்தமில்லாத விளம்பரங்கள் வந்து நின்றன. கோபங்கொண்டு அந்த மென்பொருளை நீக்கினோம். நீக்கியதும் இணையமே நின்றுபோயிற்று! கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை. இணையக் கம்பெனி ஆள் வந்து பார்த்து, "லைன் நன்றாகத்தான் இருக்கிறது, பாய்" என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கணக்கெல்லாம் சிட்டையிலேயே நடந்தது.

மூன்றாம் நாள் பக்கத்துக் கடைக்காரரின் மகன், கல்லூரியில் படிப்பவர், வந்து ‘பிராக்ஸி’ என்னும் அமைப்பைத் திறந்து காட்டினார். அதில் 127.0.0.1 என்ற எண் இருந்தது. அந்த எண்ணுக்கு ‘இதே கணினி’ என்று பொருளாம். அதாவது, அந்த மென்பொருள் நமக்கும் இணையத்துக்கும் நடுவே தரகராக உட்கார்ந்திருந்தது. நாம் கேட்பதையெல்லாம் அது வாங்கிப் பார்த்து, வெளியே அனுப்பி, வருகிற சரக்கில் தன் விளம்பரத்தையும் கலந்து கொடுத்து வந்திருக்கிறது. தரகரை நாம் விரட்டினோம். ‘எல்லாவற்றையும் தரகரிடம் கொடு’ என்ற உத்தரவு மட்டும் அழியாமல் இருந்தது. அதை அணைத்ததும் இணையம் வந்துவிட்டது.

இத்துடன் விஷயம் முடிந்ததென்று நினைத்தோம். அந்தத் தம்பி கேட்ட கேள்விதான் நம்மைக் கலக்கியது. "மாமா, பேங்கு பக்கத்திலும் விளம்பரம் வந்ததா?" வந்தது. அப்படியானால் பூட்டு எங்கே போயிற்று?

வங்கிப் பக்கம் முத்திரையிட்ட உறைபோல் மூடித்தான் வருகிறது. அந்த முத்திரைக்குச் சான்றிதழ் உண்டு. சான்றிதழுக்கு ஜாமீன் சொல்லும் நிறுவனங்களின் பட்டியலொன்று கணினிக்குள் இருக்கிறது. ஒரு மென்பொருள் தன் பெயரையும் அப்பட்டியலில் நுழைத்துவிட்டால், எந்த வங்கியின் பெயரிலும் அதுவே சான்றிதழ் எழுதிக்கொள்ளலாம். கணினி ஆட்சேபியாது. நுழைக்குமுன் அனுமதி கேட்கும் என்பது மெய்தான். கடைப் பையன் ‘ஆம்’ என்று அழுத்தியிருக்கிறான்!

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2014ம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ கம்பெனி விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டிருந்தது. அதுவும் இவ்விதமே முத்திரையை உடைத்து விளம்பரம் கலந்தது. அதைவிட மோசம், எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் இது வெளிப்பட்டதும் ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார். அதன்பின் அக்கணினிகளை எவரும் ஏமாற்றலாம் என்றாயிற்று. அதை நீக்கும் கருவியை லெனோவோவே வெளியிட நேர்ந்தது.

ஜாமீன்காரரே தவறுவதும் உண்டு. நமது மலேசியாவில் இயங்கிய டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் (அதே பெயருள்ள அமெரிக்கக் கம்பெனி வேறு) 512 பிட் என்னும் பலவீனமான சாவிகளுடன் 22 சான்றிதழ்கள் வழங்கியிருந்தது தெரிய வந்ததால், 2011 நவம்பரில் மைக்ரோசாஃப்டும் மொசில்லாவும் அதன்மேல் வைத்த நம்பிக்கையை விலக்கிக்கொண்டன.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. வங்கிப் பக்கத்தைத் திறந்து, முகவரிக்கு இடப்புறமுள்ள குறியை அழுத்துக. (2023 முதல் குரோமில் பூட்டுப் படம் இல்லை, இரு கோடுகளுள்ள குறிதான்.) சான்றிதழை வழங்கியவர் யாரென்று அதில் காணலாம். விளம்பர மென்பொருளின் பெயரோ, நாம் ஏற்றாத ஏதோவொன்றின் பெயரோ இருக்குமாயின் நடுவில் ஆளிருக்கிறது; கடவுச்சொல்லை எழுதாதீர். வைரஸ் தடுப்பு மென்பொருள் சிலவும் சோதனைக்காக இவ்வாறு திறந்து பார்ப்பதுண்டு. பட்டியலிலுள்ள பெயர்களைக் கண்டபடி அழித்துவிடாமல், அறிந்தவரை வைத்துச் செய்க.

‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பையும் பார்த்துக்கொள்வது நலம். பெயருக்கு எதிரே எண் எழுதிய விலாசக் குறிப்பு அது. வெளியே விசாரிக்குமுன் கணினி அதைத்தான் பார்க்கும். சூதாட்டத் தளத்தின் பெயருக்கெதிரே 0.0.0.0 என்றெழுதினால் வழி அடைபடும். திருடன் வங்கிப் பெயருக்கெதிரே தன் எண்ணை எழுதினால் நாம் அவன் வாசலுக்கே போவோம். விண்டோஸின் காவல் சுவரோ, அழைக்காமல் உள்ளே வருபவரைத் தடுக்குமே தவிர, உள்ளிருந்து வெளியே போவதை நாம் தனியே கட்டளையிட்டாலொழியத் தடுக்காது.

கடைக்கு வெளியிலும் வழிமறிப்பு உண்டு. பெயருக்கு எண் சொல்லும் வேலையை, கூகுள், கிளவுட்ஃபிளேர் முதலியவற்றிடம் நாம் கேட்டாலும், நமது இணையக் கம்பெனியே பதில் சொல்லும்படி திருப்பிவிடும் ஏற்பாடு 2024 செப்டம்பரில் இந்நாட்டில் தொடங்கிற்று. ஆட்சேபம் எழவே, அதைத் தொடர வேண்டாமென அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 8ந் தேதி கூறினார். 2018 முதல் 2024 ஆகஸ்ட் 1 வரை 24,277 தளங்களைத் தடுத்ததாகவும், அவற்றில் 39 விழுக்காடு சூதாட்டமென்றும் தொடர்பு பல்லூடக ஆணையம் தெரிவித்தது. சூதாட்டத்தை அடைப்பதில் நமக்கு மறுப்பில்லை. கேட்ட இடத்தை விட்டு வேறிடத்திலிருந்து பதில் வருவதை நமக்குச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம்.

சிப்பந்திகள் விஷயத்திலும் அப்படியே. கடைக் கணினியில் இன்ன தளங்கள் திறவா என்று சொல்லி அடைப்பது முதலாளியின் உரிமை. சொல்லாமல் அவர்கள் எழுதுவதைப் படிப்பது வேவு; அதை மார்க்கம் தடுத்திருக்கிறது.

இப்பொழுது நமது கணினியில் பையனுக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறோம். புதிய மென்பொருள் ஏற்றும் அதிகாரம் அதற்கில்லை. படம் பார்க்க முடியவில்லையென்று அவனுக்கு இன்னும் மனத்தாங்கல்.