மலைக்குப் பச்சை வந்தது எப்போது?

கேள்வி: ஐப்பசி மழையில் ரமணாசிரமத்துக்குப் பின்னாலிருந்து ஸ்கந்தாசிரமம் ஏறினால் வழியெல்லாம் மரம். என் அப்பாவோ, "நான் பார்த்தபோது இது மொட்டைப் பாறை" என்கிறார். எது உண்மை? (வாசகி, செங்கம் சாலை, திருவண்ணாமலை)

பதில்: அப்பா சொல்வது உண்மை. அவருடைய தாத்தா இருந்து "அப்போது காடு" என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மை. ரமணர் அண்ணாமலையின் மேல் விரூபாட்சி குகையிலும் ஸ்கந்தாசிரமத்திலும் 1922 வரை இருந்தார். அந்தக் காலத்து நினைவுக் குறிப்புகளில் சிறுத்தை வருகிறது, குரங்குக் கூட்டங்களும் அவற்றின் குடும்பச் சண்டைகளும் வருகின்றன. பிறகு விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள், கோடைதோறும் தீ வேறு. 1980-களில் மிஞ்சியது புல்லும் முள்ளும்தான்.

1987-ல், ஆசிரமத்தை அண்டி வாழ்ந்த அபீதா அருணகிரி என்ற ஆஸ்திரேலியத் துறவி, தன் நாட்டில் மழைக்காடுகளுக்காகப் போராடிக்கொண்டிருந்த ஜான் சீடின் அமைப்புக்கு மலையின் நிலையை எழுதினார். பணம் திரட்டிக் கொடுத்தார் சீட். இங்கே அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் உருவானது. நாற்றங்கால் எங்கே போட்டார்கள் தெரியுமா? அண்ணாமலையார் கோயிலின் மதில்களுக்கு நடுவே இருந்த காலி நிலத்தில். சாமி மலைக்குச் சாமி வீட்டிலேயே கன்று! பின்னாளில் ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளையும் இந்த வேலையில் இறங்கியது. அவர்களுடன் பள்ளிப் பிள்ளைகளும் கூலிக்கு வரும் உள்ளூர்ப் பெண்களும் வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியவர்களும் ஒரே சரிவில் குனிந்து கன்று வைத்திருக்கிறார்கள். ஊரில் இப்படிப்பட்ட கூட்டம் வேறெந்த வேலைக்கும் சேர்ந்து நான் பார்த்ததில்லை.

கன்று வைக்க ஏன் மழைக்காலம்? பாறைச் சரிவில் லாரி ஏறாது. கன்று, எரு எல்லாம் தலைச்சுமை. கோடையில் ஊற்றத் தண்ணீரையும் அப்படிச் சுமக்க முடியுமா? ஐப்பசி மழையில் வைத்துவிட்டால் தை பிறப்பதற்குள் வேர் பிடித்துவிடும். உசிலை, வெப்பாலை போல வறட்சி தாங்கும் மரமாக இருந்தால் அடுத்த மழை வரை சமாளித்துக்கொள்ளும். ஆனால் வைப்பது பாதி வேலைதான். மழையில் ஆளுயரம் வளரும் புல் மாசி, பங்குனியில் காய்ந்து நிற்கும். ஒரு பீடித் துண்டு போதும். அதனால் மழை ஓய்ந்ததும் புல்லை அகலமாக வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். மரம் நடுவதைப் படம் எடுக்கப் பலர் வருவார்கள். புல் வெட்டுவதை யார் எடுக்கிறார்கள்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று, ஊர்ப் பக்கத்துச் சரிவில் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் மாண்டார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. மரம் மண்ணைப் பிடிக்கும், மெய்தான். அதற்காக, மரம் இருந்தால் எந்தச் சரிவிலும் வீடு கட்டலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

கேள்வி: ஆசிரம முற்றத்து இலுப்பை மரம் ரமணர் வைத்ததா? (வாசகர், போளூர்)

பதில்: இல்லை. 1922-ல் அவர் தாயாரின் சமாதி அருகே இறங்கி வந்து தங்கியபோதே அது பெரிய மரம். ஆசிரமம்தான் அதன் நிழலுக்கு வந்தது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் மரத்தடியில் பெரியவர்கள் பல்லாங்குழி ஆடுவதை ஒரு படத்தில் பார்த்தேன். நம்மிடமிருந்து போனதா? (வாசகி, ஆரணி)

பதில்: நம்மிடமிருந்து போனது என்று சொல்ல ஆசைதான். ஆனால் சான்று அந்தப் பக்கமே கனக்கிறது. இந்த விளையாட்டுக் குடும்பத்தின் மிகப் பழைய தடயங்களாகப் பலரும் காட்டுவது எத்தியோப்பியா, எரித்திரியா பகுதியில் கிடைத்தவற்றை, அவை கி.பி. 6, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எது எங்கிருந்து கப்பலேறியது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கானாவில் ஒவாரே: 12 குழி, 48 காய், எதிராளியின் குழியில் இரண்டோ மூன்றோ சேர்ந்தால் வாரிக்கொள்ளலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் பாவோவுக்கு 32 குழி. நமக்கு 14, நாலு சேர்ந்தால் 'பசு'. அங்கே வெளியில், பெரும்பாலும் ஆண்கள், கூட்டம் சூழ. இங்கே அடைமழையில் தெருவில் கால் வைக்க முடியாதபோது, கூடத்தில், பாட்டியும் பேத்தியும். பாட்டி காய்களைக் கையிலிருந்து நழுவவிடும் வேகத்தில் ஐந்து போட்டாளா ஆறு போட்டாளா என்று எண்ண முடியாது, ஜெயிப்பது பாட்டிதான்.

ஆட எடுக்கும் புளியங்கொட்டை இருக்கிறதே, அதற்குத் தகராறே இல்லை. புளியமரத்தின் தாயகம் வெப்ப மண்டல ஆப்பிரிக்கா. நம் ரசத்துக்கு அது என்றைக்கோ வந்து சேர்ந்துவிட்டது.

கேள்வி: கார்த்திகைக்கு மாவலி சுற்றுகிறோமே, அது எப்படி வந்தது? (பள்ளி மாணவன், ரமணாசிரமம் பகுதி)

பதில்: மகாபலியின் பெயரால் வந்தது என்பது ஊர்க்கதை. நெருப்பு எப்படி வருகிறது என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல முடியும், தம்பி. ஆண் பனையின் பூக்கதிரைக் காயவைத்து, குழியில் கொளுத்தி, மண் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். இடித்துச் சலித்த தூளைத் துணியில் இறுக்கிச் சுருட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறு கோத்து, முனையில் தணல் வைத்துச் சுழற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். கரியும் மட்டையும் பனையிலிருந்தே. பட்டாசுக்கு வெகுகாலம் முன்பே ஏழைப் பிள்ளைக்கு இதுதான் மத்தாப்பு. பனைகள் குறைந்ததால் செய்பவர்களும் குறைந்துவிட்டார்கள். கார்த்திகை மழையில் தூள் நமத்தால் பொறி பறக்காது. முதல் நாளே அடுப்படிப் பரணில் ஏற்றி வைத்துவிடு. சுற்றும்போது வைக்கோல் போர் பக்கம் போகாதே.