மொத்தம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்

நம்பிக்கைகளும் உண்மைகளும்: புது பைக் வாங்கும்போது

களம்பூருக்கு ரயிலில் முதல்முறை வருகிறவர் ஜன்னலோரம் உட்கார்ந்து 'களம்பூர்' என்ற பலகையைத் தேடினால் கிடைக்காது. விழுப்புரம் – காட்பாடி பாதையில் நம் ஊருக்குள் இருக்கும் நிலையத்தின் பெயர் ஆரணி ரோடு. பழகியவருக்குத் தெரியும், பழகாதவர் ஊரைத் தாண்டிப் போய்விடுவார். பைக் ஷோரூமில் எழுதித் தரும் 'ஆன்ரோடு விலை'யும் அப்படித்தான். பெயர் ஒன்று, அதற்குள் அடங்கியிருப்பவை பல.

ஒரு ஆவணி முகூர்த்தத்தன்று அக்கா மகனுக்கு வண்டி எடுக்கக் கூடப் போனேன். அவன் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளை. ஒரு புடவையைக் கையில் கொடுத்தால் பாவுக்கு எவ்வளவு, ஊடைக்கு எவ்வளவு, ஜரிகைக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் ஷோரூமில் உட்கார்ந்ததும் கேட்ட ஒரே கேள்வி, "மொத்தமா எவ்ளோ சார் வரும்?" விற்பனையாளர் ஒரு தொகையை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். தாளை வாங்கிப் பார்த்தேன். கடைசியில் 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி, 'கிட்' என்று ஒரு வரி. இது என்னங்க என்றேன். "அது எல்லாருக்கும் போடறதுதாங்க." நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தோம்.

அன்று தெரியாமல் போனதைப் பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். அடுத்து வண்டி எடுக்கப் போகிறவருக்காவது உதவட்டும்.

நம்பிக்கை: பைக் விலை கம்பெனி வைத்த விலை. பேச ஒன்றுமில்லை.

உண்மை: பாதி சரி. எக்ஸ்-ஷோரூம் விலையைக் கம்பெனி வைக்கிறது. அதில் ஜி.எஸ்.டி.யும் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். பதிவுக் கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, கடனில் எடுத்தால் அதை ஆர்.சி.யில் பதிய 500. ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கும் அரசு வைத்த விலைதான்: 2022 ஜூனில் அமலுக்கு வந்தபடி 75 முதல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், 150 முதல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய், வரி தனி.

கணக்குக்காக எக்ஸ்-ஷோரூம் 90,000 ரூபாய் உள்ள 125 சி.சி. வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயுட்கால வரி 9,000. மூன்றாம் நபர் காப்பீடு 18 சதவீத வரியோடு 4,544. கடன் பதிவும் சேர்த்துக் கட்டணங்கள் 1,000. ஆகமொத்தம் சுமார் 1,04,500. இதில் வரி, கட்டணம், மூன்றாம் நபர் காப்பீடு ஆகியவற்றில் ஷோரூம்காரரால் ஒரு ரூபாய்கூடக் குறைக்க முடியாது. அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தத் தொகைக்கு மேல் தாளில் எதெல்லாம் ஏறியிருக்கிறதோ, அது அத்தனையும் பேச வேண்டியது.

நம்பிக்கை: ஹேண்ட்லிங் சார்ஜ் அரசாங்கத்துக்குக் கட்டுவது.

உண்மை: அரசுக்குப் போகும் பணத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. வண்டி தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்த செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. "இதுக்கு அரசு ரசீது தருவீங்களா?" என்று கேளுங்கள். வரிக்கும் பதிவுக்கும் ரசீது வரும். ஹேண்ட்லிங்குக்கு வராது.

நம்பிக்கை: இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுத்தால்தான் வண்டி தருவார்கள்.

உண்மை: காப்பீடு இல்லாமல் வண்டி பதிவாகாது என்பது சரி. அதை யாரிடம் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். டீலர் வழியாகக் காப்பீடு விற்பதற்கு 2017-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த நெறிமுறைகள், வாங்குபவரை வற்புறுத்தக் கூடாது என்கின்றன.

பேரத்துக்கு நல்ல இடமும் இதுதான். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீட்டுக்கு 2007 முதல் அரசு விலை கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்தச் சேதக் காப்பீட்டை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். ஐந்து வருடத்துக்கும் சேர்த்து எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வேறு வண்டியின் பேரில் ஏற்கெனவே இருந்தால் இன்னொரு முறை எடுக்க வேண்டியதில்லை. போவதற்கு முன் கைபேசியில் இரண்டு கம்பெனிகளின் பிரீமியத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் குறிப்பைக் காட்டினால் தாளில் உள்ள தொகை இறங்க வாய்ப்பு உண்டு.

நம்பிக்கை: ஹெல்மெட்டும் சாரி கார்டும் கடைக்காரர் தரும் அன்பளிப்பு.

உண்மை: மத்திய மோட்டார் வாகன விதி 138, இருசக்கர வண்டி விற்கும்போதே தரச்சான்று பெற்ற ஹெல்மெட்டை உற்பத்தியாளர் தர வேண்டும் என்கிறது. விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதியையாவது மூடும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தடுப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். ஆரணிப் பட்டை உடுத்தி ஒருபக்கமாக உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிறவர்கள் வாழும் ஊரில் அது எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. சட்டப்படி வண்டியோடு வர வேண்டியவற்றை 'கிட்' என்று கட்டி விலை போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். சீட் கவர், கிராஷ் கார்டு, பெயின்ட் கோட்டிங் உங்கள் விருப்பம். வேண்டும் என்றால் வெளியில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். "கிட் எடுத்தால்தான் வண்டி" என்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்ற வகையில் வைக்கிறது.

நம்பிக்கை: ரொக்கமாகக் கட்டினால் நிறைய குறைப்பார்கள்.

உண்மை: கடன் போட்டுக் கொடுத்தால் நிதி நிறுவனத்திடமிருந்து ஷோரூமுக்குக் கமிஷன் வருவது வழக்கம். அதனால் ரொக்கம் என்றதும் அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி வந்துவிடாது. பெரிய வண்டி எடுப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து தடுக்கிறது. எப்படிக் கட்டப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லாதீர்கள். வண்டி விலை முடிவாகட்டும். கடன் பேச்சு பிறகு.

நம்பிக்கை: வட்டி 10 சதவீதம்தான், நகைக் கடன் மாதிரி.

உண்மை: நம்மூர்க் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். 80,000 ரூபாய் கடன், மூன்று வருடம், 10 சதவீதம் 'ஃபிளாட்' என்றால் வட்டி 24,000. மாதத் தவணை 2,889. முதல் மாதத்திலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டே இருக்கிறீர்கள்; வட்டியோ கடைசி மாதம் வரை முழு 80,000-க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்குப் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2024 அக்டோபர் முதல் தரும் சில்லறைக் கடன்களுக்கு, எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு விகிதம் அச்சிட்ட 'முக்கிய விவரத் தாள்' தர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள். தவணை கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, அந்த விகிதத்தையும் பாருங்கள்.

நம்பிக்கை: புதுச்சேரியில் வாங்கினால் வரி மிச்சம்.

உண்மை: வண்டியைப் பதிய வேண்டியது நீங்கள் வசிக்கும் மாநிலத்தில். வேறு மாநிலப் பதிவோடு வந்த வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், இங்கத்து வரியும் கட்ட வேண்டும். எல்லை தாண்டிப் போவதை விட ஆரணி, போளூர், திருவண்ணாமலை, வேலூர் என்று நான்கு இடத்தில் கொட்டேஷன் வாங்குவது பலன் தரும். ஒரு ஊர்த் தாளை இன்னொரு ஊரில் காட்டுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

நம்பிக்கை: ஆடியில் வண்டி பக்கமே போகக் கூடாது.

உண்மை: எடுப்பதற்கு நாள் பார்ப்பது அவரவர் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விலை பேச ஆடியைப் போல நல்ல மாதம் இல்லை. கூட்டம் இருக்காது, விற்பனையாளருக்கு உங்களோடு உட்கார நேரம் இருக்கும். ஆடியில் பேசி முடித்து, ஆவணி முகூர்த்தத்தில் சாவி வாங்குங்கள். டெலிவரி நாளன்று என்ன விலையோ அதுதான் என்று புக்கிங் தாளில் அச்சிட்டிருக்கக்கூடும். அதனால் பேசிய தள்ளுபடியையும் விலையையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது யாராலும் பேரம் பேச முடியாது. எங்களால் முடியவில்லை.

பேசியும் தீராத சிக்கலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. திருவண்ணாமலையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமே இல்லை. அதற்கு உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு வரியும் பிரித்து எழுதி, கடையின் முத்திரை வைத்த தாள்.

களம்பூர் ரைஸ்மில்லுக்கு நெல் எடுக்க வருகிறவர் மூட்டையைப் பார்த்து விலை சொல்வதில்லை. ஒரு பிடி அள்ளி, ஒரு மணியைப் பல்லில் கடித்து ஈரம் பார்த்த பிறகுதான் வாய் திறப்பார். விற்கிறவரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. அந்தப் பழக்கத்தை ஷோரூம் வாசலில் செருப்போடு விட்டுவிட வேண்டாம். "மொத்தம் எவ்வளவு" என்பதைக் கடைசியில் கேட்கலாம். முதலில் கேட்க வேண்டியது, "தனித்தனியா எழுதிக் குடுங்க." அக்கா மகன் இப்போது தன் நண்பர்களுக்கு அதைத்தான் சொல்லி அனுப்புகிறான்.