எது கடைசி அளவு?

கேள்வி: பத்துப் பேருடன் பனியன் தையல் யூனிட் நடத்துகிறேன். ஆர்டரை வாட்ஸ்அப் குழுவில் போட்டும் அளவு மாறிவிடுகிறது. புதிய சாஃப்ட்வேர் வாங்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது அவசியமில்லை. காலையில் 80 சென்டிமீட்டர் என்று வந்த அளவு மாலையில் 85 என்று திருத்தப்படுகையில், இரண்டு செய்திகளும் ஒரே குழுவில் மேலும் கீழுமாகக் கிடப்பதால், கட்டிங் மாஸ்டர் கண்ணில் முதலில் பட்டதே பிரமாணமாகிவிடுகிறது. அவரைக் குறைசொல்வது நியாயமன்று. ஆகவே கூகுள் ஷீட்டில் அளவுக்கு ஒரு வரியாகக் கலர், உருப்படி, டெலிவரி தேதி ஆகியவற்றை எழுதி, திருத்தும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்து, ஏனையோருக்குப் பார்க்கும் அனுமதி மாத்திரம் அளியுங்கள். எவ்வரி எப்போது மாறிற்று என்பதை அதன் வெர்ஷன் ஹிஸ்டரியே காட்டும். துணியை வெட்டுமுன் மாஸ்டர் அந்த வரியை உரக்கப் படிக்க, சூப்பர்வைசர் சரிபார்க்கட்டும். நாளைக்கே ஆரம்பியுங்கள், செலவு ஏதுமில்லை.